மெட்ராஸ் லைனில் ஒரு திருமண்

கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று கொடி பிடித்தவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். எனக்கு வேலை கிடைத்ததே கம்ப்யூட்டரால்தான். அது போனது மனிதர்களால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், அந்த மெஷின்மேல் யாரும் பழி போட வேண்டாம்.

என் பெயர் செல்வமேரி. எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீடு, ஒரு பிள்ளை. என் வீட்டுக்காரர் சவரிநாதன் துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். ஆர்டர் வரவில்லை என்று பட்டறையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவதும், சாயங்காலம் வந்து அதே சட்டையை ஆணியில் மாட்டுவதும்தான் அவருக்கு வேலை. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். கண்டோன்மென்டில், உரமும் பூச்சிமருந்தும் விற்கிற மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். டெம்பரரி.

டெம்பரரி என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மூன்று மாதம் நிறையப் போகிறது என்றால் ‘பிரேக்’ என்று சொல்லிச் சில நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது ஆள் கணக்கு. தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்கு என்று நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய்விடக்கூடாதாம். அத்தனை முன்யோசனை. ஆனால் முசிறி, லால்குடி டிப்போக்களிலிருந்து வரும் ஸ்டாக் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் பிரேக் நாளிலும் பியூன் வீரமலை வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பான். “சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகச் சொன்னாருக்கா சார்” என்பான். எட்டிப் பார்க்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். ரிஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் போட விடமாட்டார்கள். வருஷக்கணக்கில் இப்படித்தான்.

‘சார்’ என்பது எங்கள் மேனேஜர் அழகியமணவாளன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி. கோயில் கைங்கர்யக் குடும்பம். நெற்றியில் பளிச்சென்று தென்கலைத் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சனிக்கிழமைகளில் பெருமாள் பிரசாதம் என்று புளியோதரைப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். “உங்க சர்ச் ஃபாதர் ஒண்ணும் சொல்லமாட்டாரோன்னோ?” என்று சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன். அருமையான புளியோதரை. அதை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி கழிந்ததும் மெட்ராஸ் ஹெட் ஆபீசில் ஒரு முடிவெடுத்தார்கள். கிளைகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களை இனி மெட்ராஸில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொள்வார்களாம். டெலிபோன் லைனில் மோடம் என்று ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், அங்கிருந்து போன் போட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்து, கட்டளைகளை ஒவ்வொரு வரியாகத் தட்டுவார்கள். நம் கண்ணெதிரே நிற்கிற மெஷின் மெட்ராஸ் பேச்சைக் கேட்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “மேரி, மதுரை கோயமுத்தூர் எல்லாம் தயாராயிண்டிருக்காம். நம்ம ஆபீஸ் பின்தங்கிடப்படாது. இந்த லைன் மட்டும் நல்லபடியா வந்துடட்டும், உன் கன்ஃபர்மேஷன் ஆர்டருக்கு அடியேன் பொறுப்பு. பெருமாள் சாட்சி” என்றார்.

பெருமாளையே சாட்சிக்கு இழுத்தபிறகு நான் என்ன கேட்க முடியும்? மெட்ராஸ்காரர்களே எல்லாம் பார்த்துக்கொண்டால் இங்கே ஆபரேட்டர் எதற்கு என்று ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சீட்டு ஏற்ற, டேப் மாட்ட, பிரிண்டரில் சிக்கின தாளை எடுக்க ஒரு கை வேண்டாமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கன்ஃபர்ம் ஆனால் பிரேக் கிடையாது. ரிஜிஸ்டரில் என் பெயர் இருக்கும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மெட்ராஸ் பக்கத்தில் இதைச் செய்தவர் கியாசுதீன். நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். முதல் வாரம் “மேடம்” என்றவர், அடுத்த வாரமே “அக்கா” என்றார். அவர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். போன் வந்தால் மோடம் தானே எடுக்கிற மாதிரி அதன் சுவிட்சுகளை மாற்றினேன். டெலிபோன் வயர் மின்விசிறிக்குப் பக்கத்தில் போனதால் இரைச்சல் வந்தது, வீரமலையை ஸ்டூலில் ஏற்றி வேறு வழியாக இழுக்க வைத்தேன். கடைசியில், எந்தெந்த வாசல் திறந்திருக்கலாம் என்று மெஷினுக்குச் சொல்கிற ஃபைல். அதில் மோடம் வாசலுக்கு எதிரே ‘ஆஃப்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘ரெஸ்பான்’ என்று போட வேண்டும். ஒரே ஒரு சொல்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், “அப்படின்னா?” என்று கேட்டார்.

“லைன் செத்துப்போனாலும் மறுபடி உயிரோட எந்திரிச்சு நில்லுன்னு அர்த்தம் சார்.”

“உங்க ஈஸ்டர் மாதிரின்னு சொல்லு” என்றார். ரெண்டு பேருமே சிரித்தோம்.

அன்று மத்தியானம் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீச்சென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் என் திரையில், யாரும் எதையும் தொடாமலே, இங்கிலீஷ் எழுத்தில் ‘வணக்கம் அக்கா’ என்று வந்தது. கியாசுதீன் உள்ளே வந்துவிட்டார். மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் திறந்த வாசல் அது.

விஜயதசமி அன்று முறைப்படி துவக்கம். மேனேஜர் துளசிமாலையும் மஞ்சளும் கொண்டுவந்து மோடத்துக்கு வைத்தார். சரி என்று பார்த்தால் அதோடு விடவில்லை.

“உள்ள வரவா கண்ணுல முதல்ல பெருமாள் திருமண் படணும். திருமண் இல்லாத வாசல் என்ன வாசல்? அதுல போட முடியுமா, மேரி?”

போட முடியும் என்று சொன்ன வாய் என் வாய்தான். பாஸ்வேர்ட் கொடுத்து யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் ஒரு வரவேற்பு வாசகம் வரும், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். படம் வரைய வழியில்லை, எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் உருவம் கொண்டுவர வேண்டும். குறுக்கே ரெண்டு நெடுக்கே ரெண்டு கோடு போட்ட ஹாஷ் குறி, # இது, திரையில் நன்றாக அடர்த்தியாகத் தெரியும். அதையே அடுக்கி மூன்று கோடு நிறுத்தினேன்.

“பாதம் எங்கே?” என்றார்.

“என்ன பாதம் சார்?”

“கீழே பாதம் வைக்காட்டா அது வடகலை. நாங்க தென்கலை. பெரிய கோவில்ல இதைச் சொன்னா சிரிப்பா.” கண்ணாடித் திரைமேல் விரலை வைத்து எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் குவிய வேண்டும் என்று காட்டினார். அழித்து அழித்துப் போட்டேன். மூக்கின்மேல் இறங்குகிற மாதிரி பாதம் வந்ததும்தான் அவருக்குத் திருப்தி. அதன் கீழே ‘ஸ்ரீமதே ராமாநுஜாய நம:’ என்று இங்கிலீஷ் எழுத்தில்.

“மெட்ராஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமா சார்?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

“பெருமாள் உள்ள வரதுக்கு மெட்ராஸ் சாங்ஷன் வேணுமா?” என்று கையை உதறிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் மெட்ராஸில் கையால் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கிளைகளுக்கு வரிசையாகப் போன் போட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து, கட்டளைகளைத் தானே தட்டிவிட்டு வருகிற ஒரு ப்ரோக்ராமைக் கியாசுதீன் எழுதியிருந்தார். மதுரையில் ஓடியது, கோயமுத்தூரில் ஓடியது. திருச்சியில் மட்டும் தகராறு. ஒருநாள் பாதிக் கட்டளைதான் வந்து சேரும். ஒருநாள் எதுவுமே நடக்காது. “லைன்ல இரைச்சல் இருக்கான்னு பாருங்கக்கா” என்பார். நானும் வயரைத் தடவித் தடவிப் பார்ப்பேன்.

அப்புறம் அது நடந்தது. அன்று அந்த ப்ரோக்ராம் தட்ட வேண்டிய கட்டளை ரெண்டு. பழைய ஃபைல்கள் இருக்கும் இடத்துக்குப் போ என்பது முதல் கட்டளை. அங்கே இருப்பதையெல்லாம் அழி என்பது ரெண்டாவது. முதல் கட்டளை வழியிலேயே தொலைந்துபோனது. ரெண்டாவது பத்திரமாக வந்து சேர்ந்தது. மெஷின் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, சொன்னபடி அழித்தது. அது நின்ற இடத்தில் இருந்தது முசிறி டிப்போவின் மொத்த ஸ்டாக்.

முசிறியில் ஒரு மூட்டை யூரியாகூட இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதை மெட்ராஸ் அப்படியே நம்பியது. சம்பா சமயமாயிற்றே என்று லாரி லாரியாக அனுப்பிவைத்தார்கள். அங்கே குடோனில் ஏற்கெனவே இடமில்லை. இறக்கின மூட்டைகள் தெருவில் கிடந்து ஐப்பசி மழையில் கரைந்து சாக்கடையில் ஓடின. முசிறி வாழைக்கெல்லாம் போக வேண்டிய உரம் காவேரிக்குப் போனது. நகல் எடுத்து வைத்திருந்த பழைய டேப்பையும் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஸ்டாக் முழுவதையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். நடுவில் எனக்குப் பிரேக் வந்தது. பிரேக்கிலும் ஏற்றினேன்.

காரணம் ஒரு போனில் பிடிபட்டது. தன் ப்ரோக்ராம் என்ன பார்த்தது என்பதைக் கியாசுதீன் அச்செடுத்து எனக்குப் படித்தார். “பாஸ்வேர்ட் கொடுத்ததும் வரிசையா ஹாஷ் ஹாஷா வருதுக்கா. கோலம் மாதிரி. அது என்ன?”

அது கோலமில்லை, திருமண். முழு அதிகாரத்தோடு உள்ளே வருகிறவருக்கு மெஷின் ‘தயார், கட்டளை சொல்’ என்பதற்கு அடையாளமாக ஒரே ஒரு # காட்டும். அதைக் கண்டால் தட்டத் தொடங்கு என்றுதான் ப்ரோக்ராமுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது திருமண்ணின் முதல் ஹாஷைப் பார்த்ததுமே மெஷின் தயார் என்று நினைத்துவிட்டது. திருமண் வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டளையைத் தட்டியது. மெஷின் அப்போது கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை; ரெண்டாவது கட்டளை வருவதற்குள் திருமண் இறங்கி முடிந்திருந்தது. கையால் தட்டினபோது கியாசுதீன் கண்ணால் பார்த்துத் தட்டினார். ப்ரோக்ராமுக்கு ஏது கண்?

உடனே மேனேஜரிடம் ஓடினேன். “சார், பெரிய விஷயமே இல்ல. ஹாஷை எடுத்துட்டு ஸ்டார் குறியால போட்டுட்டா போதும், திருமண் அப்படியே இருக்கும். மெட்ராஸுக்கு நடந்ததைச் சொல்லிடுங்க.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. “பெருமாள் திருமண்ணால ஸ்டாக் அழிஞ்சுதுன்னு நான் என் கையால எழுதறதா? ஜி.எம். நேரா விசாரணைக்கு வரார். மார்ச்சில எனக்கு ரிட்டயர்மென்ட் மேரி. கிராஜுவிட்டில கை வச்சுடுவா.” அப்புறம் குரல் இறங்கியது. “நீயா அழகுக்காகப் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. நீ சின்னவ. திட்டுவா, அதோட விட்டுடுவா. அடுத்த வாரமே உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் மெட்ராஸ் போகும்.”

“நான் எதுக்கு சார் திருமண் போடப் போறேன்? கேக்க மாட்டாங்களா?”

“கேட்டா நான் பாத்துக்கறேன். நான் இருக்கேனோல்லியோ.”

வீட்டில் சவரிநாதனிடம் சொன்னேன். “வேணாம் மேரி” என்றார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, “கன்ஃபர்ம் பண்றேன்னு நெசமாவே சொன்னாரா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என் காதில் நின்றது. மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஜி.எம். என் தாளைப் படித்துவிட்டு என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

“நீங்க கிறிஸ்டியனா?”

“ஆமா சார்.”

“அப்ப கம்பெனி கம்ப்யூட்டர்ல எதுக்கு நாமம்? கேலி பண்றீங்களா?”

எனக்கு ஒரு கணம் புரியவேயில்லை. மேனேஜரைப் பார்த்தேன். நான் இருக்கேன் என்றவர் இருக்கத்தான் செய்தார், பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது.

“நான் கேலி பண்ணல சார். சார்தான் போடச் சொன்னார். பாதம் வைக்கணும்னு விரலால காட்டினதே சார்தான். கேட்டுப் பாருங்க.”

ஜி.எம். திரும்பினார். அழகியமணவாளன் மெதுவாகச் சொன்னார்: “அடியேனுக்குக் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாது சார். அந்த ரூம் பக்கமே நான் போறதில்லை.”

அவ்வளவுதான். அவர் நெற்றியில் அன்றைக்குத் திருமண் எப்போதும்போல் பளிச்சென்று இருந்தது. எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பேசுகிறாள், பெரிய மனுஷர்மேல் பழி போடுகிறாள் என்பதும் என் கணக்கில் சேர்ந்தது. “நீங்க போகலாம்” என்றார் ஜி.எம்.

கம்ப்யூட்டர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பாதியில் விட்ட லால்குடி சீட்டுகள் கிடந்தன. அதையாவது முடிக்கலாம் என்று என் பெயரைத் தட்டினேன், பாஸ்வேர்டைத் தட்டினேன். தவறு என்றது. விரல் பிசகியிருக்கும் என்று நிறுத்தி நிதானமாகத் தட்டினேன். தவறு என்றது. போன் அடித்தது.

“அக்கா, கியாசுதீன். உங்க பேரை எடுக்கச் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், ஹாஷ் விஷயம் யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாதுன்னு. கேக்கல.”

“எப்ப எடுத்தீங்க?”

“இப்பத்தான். உங்க லைன் வழியாத்தான் வந்தேன்.”

பக்கத்தில் மோடத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயரைப் பிடுங்கி எறிய எவ்வளவு நேரமாகும்? பிடுங்கினால் அதையும் கேலி என்பார்கள். விட்டுவிட்டேன். என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அழுதேன். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

டெம்பரரிக்கு டிஸ்மிஸ் ஆர்டர் கிடையாது. பிரேக் என்றார்கள். அந்தப் பிரேக் இன்னும் முடியவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கவில்லை, அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை.

பொங்கல் கழிந்து, வேறு இடத்தில் கேட்கிறார்களே என்று அனுபவச் சான்றிதழ் வாங்கப் போனேன். மேனேஜர் அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிஸியாக இருக்கிறாராம். வீரமலை மட்டும் முகம் மலர்ந்து வந்தான்.

“வாங்கக்கா, ரூமைப் பாத்துட்டுப் போங்க. இப்ப டேப்பு மாட்டுறது நான்தான். மத்ததெல்லாம் மெட்ராஸே பாத்துக்குது.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். என் நாற்காலி ஓரமாகக் கிடந்தது. அவன் நின்றபடியே ஒற்றை விரலால் ஒரு பெயரைத் தட்டினான். திரையில் வரி வரியாக இறங்கியது திருமண். ஹாஷ் இல்லை, ஸ்டார் குறி. நான் அன்று சொன்ன அதே வழி. மூன்று கோடு, கீழே பாதம், மூக்கின்மேல் இறங்குகிற மாதிரி சரியாகக் குவிந்த பாதம்.

“இதை யார் போட்டது, வீரமலை?”

“மெட்ராஸ்ல கியாசுதீன் சாருக்கா. நம்ம சார் போன்ல சொல்லச் சொல்ல, அவரு அங்கேருந்தே போட்டாரு. பாதம் சரியா வரலைன்னு திருப்பித் திருப்பி மாத்தச் சொல்லி, ஒரு வழியா வந்துச்சு.”

“அவரை யாராச்சும் கேட்டாங்களா, நீ முஸ்லிமாச்சே, எதுக்கு நாமம் போடுற, கேலியான்னு?”

வீரமலை என்னை விசித்திரமாகப் பார்த்தான். “அவரை எதுக்குக்கா கேக்கப் போறாங்க?”

கேட்கமாட்டார்கள். அவர் பெர்மனென்ட்.